பிளஸ் ஒன்னில் சைக்காலஜி எடுக்கலாமா?

அம்பாசமுத்திரத்துத் தாய் ஒருவரின் கேள்வி இது. மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் சைக்காலஜி எடுக்க ஆசைப்படுகிறாள். சொந்தக்காரர்களோ "பிள்ளைய எதுக்குக் கிறுக்கு வைத்தியத்துக்குப் படிக்க வைக்கிய?" என்கிறார்கள். நாளைக்கு டாக்டர் படிப்பு, இன்ஜினியரிங் என்று மனம் மாறினால் வழி அடைபட்டுவிடுமா? மார்க் எளிதாக வரும் என்பது உண்மையா?

தாராளமாக எடுக்கலாம். ஆனால் எந்தப் பாடங்களோடு சேர்த்து எடுக்கிறாள் என்பதும், பள்ளியில் ப்ராக்டிக்கலை ஒழுங்காக நடத்துகிறார்களா என்பதும்தான் முக்கியம்.

முதலில் பாடச் சேர்க்கை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மொழியும் நான்கு விருப்பப் பாடங்களும் வேண்டும். ஆறாவதாக ஒன்றைக் கூடுதலாகவும் எடுக்கலாம். டாக்டர் ஆசை கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், ஐந்தாவதாக சைக்காலஜி என்று எடுப்பது நல்லது. இதில் நீட் எழுதும் தகுதி முழுதாக இருக்கும். இன்ஜினியரிங் நினைப்பு இருந்தால் உயிரியல் இடத்தில் கணிதம் வரட்டும். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலிருந்துதான் போடப்படுகிறது, ஐந்தாவது பாடம் அதைத் தொடாது. இரண்டும் வேண்டாம், கலை அறிவியல் பக்கம்தான் என்று முடிவாகிவிட்டால் பொருளாதாரம், வரலாறு, கணிதம் எதோடும் சேரும்.

ஒரு தப்பெண்ணத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மாத்திரை எழுதித் தருபவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. படித்தவர். அந்த வழிக்கு நீட் வேண்டும், பள்ளியில் சைக்காலஜி படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உளவியலாளர் சோதனைகள் நடத்துவார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார். "சைக்காலஜி எடுத்தா சைக்கியாட்ரிஸ்ட் ஆயிரலாம்" என்று நம்பி உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. பின்னால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பள்ளியில் சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சைக்காலஜிக்கு அந்தப் பாடத்திலேயே முதுகலை முடித்த ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை ஆங்கில ஆசிரியரோ கவுன்சலரோ சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாரா? சோதனைக் கையேடுகளும் விடைத்தாள்களும் விடைக்குறிப்புகளும் பள்ளியில் இருக்கின்றனவா? போன வருடத்து ப்ராக்டிக்கல் ஃபைல் ஒன்றைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் யோசியுங்கள். ஒரே ஆளின் பதில்களை முப்பது பிள்ளைகளும் பார்த்து எழுதிய ஃபைல்களாக இருந்தால், பொதுத்தேர்வின் முப்பது மார்க்கில் அது தெரிந்துவிடும்.

பாடத்தின் கணக்கு இது: எழுத்துத் தேர்வு 70, ப்ராக்டிக்கல் 30. தேர்ச்சிக்கு இரண்டிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். நம் பக்கம் புத்தகமும் தேர்வும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்குப் பாடத்தைவிட ஆங்கில நடைதான் முதல் மூன்று மாதம் முட்டும். பழைய புத்தகம் வாங்கும்போது கவனம் தேவை. என்.சி.இ.ஆர்.டி. பாடங்களைக் குறைத்தபோது பிளஸ் ஒன்னில் ஒன்பது எட்டாகவும், பிளஸ் டூவில் ஒன்பது ஏழாகவும் ஆயின. பழைய கைடு வைத்துக்கொண்டு இல்லாத பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? புதிய பதிப்பை என்.சி.இ.ஆர்.டி. தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பிளஸ் ஒன் அடித்தளம். 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக்கில் தொடங்கிய ஆய்வகம், ஆய்வு முறைகள், மனித வளர்ச்சி, புலன் உணர்வும் கவனமும், கற்றல், நினைவு, சிந்தனை, ஊக்கமும் உணர்ச்சியும். இதில் ஆய்வு முறைகள் பாடத்தைத்தான் பிள்ளைகள் வறட்சி என்று தள்ளிவிடுகிறார்கள். அதில் சாராத மாறி, சார்ந்த மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்பவை பிடிபடாவிட்டால் அடுத்த வருடத்து ப்ராக்டிக்கலின் வாய்மொழித் தேர்வான வைவாவில் வாய் திறக்க முடியாது.

பிளஸ் டூவில் மார்க் இப்படிப் பிரிகிறது: அறிவுத்திறன் உள்ளிட்ட தனியாள் வேறுபாடுகள் 13, தன்னுணர்வும் ஆளுமையும் 13, வாழ்க்கைச் சவால்களும் மன அழுத்தமும் 9, உளக் கோளாறுகள் 12, சிகிச்சை முறைகள் 9, மனப்பான்மை 8, சமூகச் செல்வாக்கும் குழுவும் 6. முதல் இரண்டு பாடங்களும் கோளாறுகள் பாடமும் சேர்ந்து 38. பாதிக்கு மேல் இங்கேயே இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஆசையாகப் படிப்பது கோளாறுகளை மட்டும். அறிவுத்திறன் கொள்கைகளை, யார் எதைச் சொன்னார் என்ற வரிசையோடு படிக்காமல் விட்டுவிடுவார்கள். தர்ஸ்டனின் ஏழு அடிப்படைத் திறன்கள், கார்டனரின் எட்டு அறிவுத்திறன்கள், ஸ்டெர்ன்பர்க்கின் மூன்று கூறுகள், ஜே.பி. தாஸ் குழுவினரின் பாஸ் (PASS) மாதிரி ஆகியவை ஒன்றோடொன்று குழம்பாமல் ஒரே பக்கத்தில் அட்டவணையாக இருக்க வேண்டும்.

இனி, "எளிதாக மார்க் வரும்" என்ற பேச்சு. படிக்கச் சுவையான பாடம், தேர்ச்சியும் கடினமில்லை. தொண்ணூறுக்கு மேல் போவதுதான் கடினம். காரணம், பதில் எழுதுவது கதை சொல்வது போல வந்துவிடுகிறது. கேள்வியில் ஒரு ஆளின் சூழ்நிலை தரப்படும். பிள்ளை அந்த ஆள்மேல் இரக்கப்பட்டு ஒரு பக்கம் எழுதிவிட்டு, கலைச்சொல்லை எழுதாமல் விட்டுவிடும். திருத்துபவர் தேடுவது அந்தச் சொல்லையும், அதன் வரையறையையும், சூழ்நிலையில் அது எங்கே இருக்கிறது என்று சுட்டும் ஒரு வரியையும். சமீப மாதிரி வினாத்தாள்களில் இரண்டு மார்க்குக்கு 30 சொல், மூன்றுக்கு 60, நான்குக்கு 120, ஆறுக்கு 200 என்று அளவு கொடுத்திருக்கிறார்கள். ஆறு மார்க் கேள்வி வந்ததும் நான்கு பக்கம் எழுதும் பழக்கத்தை முதல் இடைத்தேர்விலேயே நிறுத்த வேண்டும்.

மார்க் கசியும் இடங்கள் சில வருடா வருடம் மாறுவதே இல்லை. எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது முதலாவது. அக்னி நட்சத்திர வெயிலில் குடை பிடித்ததும் சூடு குறைகிறது. அதனால் அடுத்த நாளும் குடை எடுக்கிறோம். பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை கூடுகிறது, இதுதான் எதிர்மறை வலுவூட்டல். தண்டனை நடத்தையைக் குறைக்கும். கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டாவது, இல்லாத குரல் கேட்பது ஹாலூசினேஷன். "பக்கத்து வீட்டார் எனக்கு விஷம் வைக்கிறார்கள்" என்று ஆதாரம் இல்லாமல் அசையாமல் நம்புவது டெல்யூஷன். முன்னது புலனில், பின்னது எண்ணத்தில். மூன்றாவது, உடல் உபாதையிலேயே மூழ்கிக் கிடப்பதும், "எனக்கு ஏதோ பெரிய வியாதி இருக்கிறது" என்ற கவலையிலேயே மூழ்குவதும் புத்தகத்தில் இரு வேறு கோளாறுகள். இவற்றை ஒன்றாக்கி எழுதினால் இரண்டு மார்க்கும் போகும்.

கோளாறுகள் பாடத்தில் இயல்பு எது, பிறழ்வு எது என்பதற்கு நான்கு அளவுகோல்கள் வருகின்றன: வழக்கத்திலிருந்து விலகல், துன்பம், அன்றாடச் செயலில் முடக்கம், தனக்கோ பிறருக்கோ ஆபத்து. இதை மனப்பாடம் செய்ய வைக்காமல், சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடுபவரை முன்னால் வைத்துக் கேளுங்கள். அவர் நடத்தை அன்றாட வழக்கத்திலிருந்து விலகியதுதானே? ஆம். அதனால் கோளாறா? இல்லை. ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதி அது, குறித்த நேரத்தில் வருகிறது, முடிந்ததும் அவர் தன் வேலைக்குப் போகிறார். உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி. நோய் வகைப்பாடே, சமயப் பண்பாட்டு வழக்கத்துக்கு வெளியே, ஆளின் விருப்பமின்றி வந்து தொல்லை தரும் நிலையைத்தான் கோளாறாகக் கணக்கில் எடுக்கிறது. இந்த ஒரு எடுத்துக்காட்டில், விலகல் மட்டும் போதாது என்பது பிள்ளைக்கு நன்றாகப் பதிந்துவிடும். சாமியாட்டத்தைக் கேலி செய்யவும் தேவையில்லை, நோயைச் சாமி என்று மூடிவைக்கவும் தேவையில்லை.

குழுச் செயல்பாட்டுக்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் வகுப்பறைக்கே வந்த பாடம். கூட்டமாகச் செய்யும் வேலையில் தனியாள் உழைப்பு குறைவதைச் சமூகச் சோம்பல் என்கிறது பாடம். உளவியலாளர் லட்டானே குழுவினர் கைத்தட்டலையும் கத்தலையும் அளந்து பார்த்தார்கள். கூட்டம் கூடக்கூட மொத்தச் சத்தம் கூடியது, தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் குறைந்தது. வடத்தைப் பிடித்தபடி இழுக்காமல் நடந்து வருபவர்களும் தேரோட்டத்தில் உண்டு. தன் பங்கு தனியாகத் தெரியாது என்பது அதற்கு ஒரு காரணம். வேலை முக்கியமானது என்ற எண்ணம் வலுவாக இருந்தால் சோம்பல் குறையும் என்பதும் அதே பாடத்தில் இருக்கிறது. உயிரைக் கொடுத்து இழுப்பவர்களை அது விளக்கும். இரு பக்கத்தையும் எழுதும் பதிலுக்கு முழு மார்க் கொடுக்கத் தயங்கமாட்டார்கள்.

மனப்பான்மைப் பாடத்தை நம் நெல்லை மாவட்டத்தில் மார்க்குக்காக மட்டும் நடத்த முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்வதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. பாடம் சொல்வதை இதோடு வைத்துப் பாருங்கள். முன்முடிவு என்பது மனப்பான்மை, பாகுபாடு என்பது நடத்தை. ஒன்று இருந்தும் மற்றது வெளியே வராமல் இருக்கலாம். கயிறு "நம்மாள், மத்தவன்" என்ற பிரிவைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிறது. பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தால் பகை போய்விடும் என்பது பாதி உண்மைதான். குழுக்களிடையே தொடர்பு பலன் தர வேண்டுமானால் அது போட்டியாக இல்லாமல் கூட்டுழைப்பாக இருக்க வேண்டும், நெருங்கிப் பழக இடம் வேண்டும், இரு தரப்புக்கும் அந்தஸ்தில் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. தெருவுக்கு ஒரு அணி பிரித்துக் கபடி விட்டால் பகை குறையாது, கூடும். அணிகளைக் கலந்து பிரித்தால் கதை வேறு. முசாஃபர் ஷெரீஃப் சிறுவர் முகாமில் செய்த ஆய்விலும் வெறும் சந்திப்பு சண்டையைத் தீர்க்கவில்லை. இரு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற பொதுவேலை வந்த பிறகே தணிந்தது.

இனி ப்ராக்டிக்கல். பிளஸ் டூவில் ஐந்து சோதனைகளும், ஒரு ஆளைப் பற்றிய கேஸ் ப்ரொஃபைலும் செய்ய வேண்டும். 30 மார்க்கில் ஃபைலுக்கும் கேஸ் ப்ரொஃபைலுக்கும் 10, வைவாவுக்கு 5, தேர்வன்று ஒரு சோதனையை முறையாக நடத்துவதற்கு 5, அறிக்கை எழுத 10.

நடத்தும் ஒழுங்கு இது. ஆளைச் சாதாரணமாகப் பேச வைத்து இயல்பாக்க வேண்டும். ரப்போ என்று ஃபைலில் எழுதுவது இதைத்தான். விருப்பம் கேட்க வேண்டும், நடுவில் நிறுத்தலாம் என்றும் சொல்ல வேண்டும். கையேட்டில் உள்ள அறிவுரையை உள்ளபடி வாசிக்க வேண்டும். "சும்மா தோணுறத எழுது" என்று சொந்தமாகச் சேர்த்தாலே சோதனையின் தரநிலை உடைந்துபோகிறது, ஏனென்றால் ஒப்பீட்டு அளவுகள் எல்லாம் அந்த அறிவுரையைக் கேட்டவர்களிடமிருந்து வந்தவை. பிறகு திருத்தல், அட்டவணை, விளக்கம், முடிவு. அறை முக்கியம்: மணி அடிக்கும் இடத்துக்கும் கேன்டீனுக்கும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். பி.டி. பீரியட் முடிந்து வேர்த்துக்கொட்டி வந்த பிள்ளைக்கு உடனே பதற்றச் சோதனை கொடுத்தால் நெஞ்சுப் படபடப்பு பற்றிய கேள்விக்கு என்ன பதில் வரும்?

ரேவன் மேட்ரிசஸ் பள்ளிகளில் பரவலாக வைத்திருக்கும் அறிவுத்திறன் சோதனை. ஏ முதல் ஈ வரை ஐந்து தொகுதி, தொகுதிக்கு 12, ஆக 60 படக் கேள்விகள். வார்த்தை தேவைப்படாததால் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையிடமும் நடத்தலாம், காது கேளாத பிள்ளையிடமும் நடத்தலாம். பாளையங்கோட்டை ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோர் பள்ளி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. சரியான விடைகளின் கூட்டுத்தொகையை வயதுக்கான அட்டவணையில் பார்த்து நூற்றுமான (பெர்சன்டைல்) இடமாக மாற்றுகிறோம். பெரிய பிழை இங்கேதான்: 75 என்று வந்ததும் "ஐ.க்யூ. 75" என்று எழுதிவிடுவார்கள். நூற்றுமானம் 75 என்றால் அந்த வயதில் நூற்றில் 75 பேருக்கு இணையாகவோ மேலாகவோ இருக்கிறாள் என்று பொருள், ஐ.க்யூ. கணக்கில் அது ஏறத்தாழ 110. ஐ.க்யூ. 75 என்பதோ சராசரியைவிட வெகுவாகக் குறைவு. ஒரு சொல் மாறியதில் கெட்டிக்காரப் பிள்ளை திறன் குறைந்தவளாகிவிடுகிறாள்.

பதற்றத்துக்கு ஸ்பீல்பெர்கரின் சோதனையை எடுத்தால் இரண்டு பகுதி, பகுதிக்கு 20 கூற்று. முதல் பகுதி "இந்த நொடியில்", இரண்டாவது "பொதுவாக". கூற்றுக்கு 1 முதல் 4 வரை மதிப்பு, ஆகவே ஒவ்வொரு பகுதியும் 20க்கும் 80க்கும் நடுவில் வர வேண்டும். வெளியே போனால் கூட்டலில் தப்பு. "நான் அமைதியாக இருக்கிறேன்" போன்ற கூற்றுகளைத் திருப்பிக் கணக்கிட வேண்டும், 4 போட்டிருந்தால் 1. இதை மறந்தால் அமைதியான பிள்ளைதான் அதிகப் பதற்றக்காரியாகத் தெரிவாள்.

மொழி ஒரு நிஜச் சிக்கல். பள்ளிகளுக்கு வரும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. எதிரே இருக்கும் ஆளுக்குப் புரியவில்லை என்று பிள்ளை அந்த இடத்திலேயே தமிழாக்கிச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கேள்வி ஆகிவிடும். ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது, இல்லையேல் படச் சோதனையை எடுப்பது, இரண்டும் முடியாமல் எங்காவது விளக்க நேர்ந்தால் எந்தக் கூற்றுக்கு என்ன விளக்கம் சொன்னோம் என்று அறிக்கையில் குறிப்பது. குறித்து வைத்ததற்காகப் புறத்தேர்வாளர் பாராட்டுவார், குறைக்கமாட்டார்.

கேஸ் ப்ரொஃபைலில் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுவது நோயைக் கண்டுபிடிக்கப் போவதில். குடிக்கிற சித்தப்பாவைப் பிடித்து "இவருக்கு மனச்சோர்வு" என்று எழுதுவது அவர்கள் வேலை அல்ல, தகுதியும் இல்லை. விளையாட்டில் முன்னேறிய பிள்ளை, இரண்டு மொழி வீட்டில் வளரும் தம்பி, பார்வையில்லாமல் கல்லூரிக்குப் போகும் அக்கா என்று எடுத்தால் எழுத நிறைய இருக்கும், யாரையும் புண்படுத்தாது. அடையாளத் தகவல், குடும்பம், வளர்ச்சி, கல்வி, நேரில் கண்டது, முடிவுரை என்று போகட்டும். பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். "கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை வைத்திருப்பவரின் இரண்டாவது மகன்" என்று எழுதினால் பெயர் எதற்கு, ஊரே சொல்லிவிடும். ஊர், தொழில், பிறந்த வரிசை மூன்றில் இரண்டையாவது பொதுவாக்கி எழுதுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அங்கே வழக்கமாகக் கிடைக்கும் குரூப்களில் உளவியல் இருக்காது. அதற்காகப் பள்ளி மாற்றத் தேவையில்லை. பி.எஸ்.சி. சைக்காலஜி சேரப் பள்ளியில் அதைப் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்பதில்லை; மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் எங்கே அந்தப் பாடம் நடக்கிறது, எந்த குரூப்புக்கு இடம் தருகிறார்கள் என்று சேர்க்கை நேரத்தில் நேரில் விசாரித்தாலே போதும். பள்ளிக்கே போக முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில் சைக்காலஜி உண்டு, பாட எண் 328. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் (CUET) நுழைவுத் தேர்வு. அதில் சைக்காலஜி தனிப் பாடமாகவே இருக்கிறது, பள்ளியில் படித்தவளுக்கு அங்கே நேரடி ஆதாயம்.

பட்டம் வாங்கியதும் போர்டு மாட்டிவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். அந்தப் படிப்புகளின் பெயரும் வருடக் கணக்கும் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. மகள் பட்டம் முடிக்கும் வருடத்தில் மன்றத்தின் தளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

இன்னும் ஒன்று, இதைப் புத்தகம் சொல்லாது. கோளாறுகள் பாடம் நடக்கும் வாரங்களில் பாதி வகுப்பு தனக்கே ஏதோ இருப்பதாக நினைக்கும். அநேகமாக அது படித்ததின் எதிரொலி, நான்கு நாளில் போய்விடும். போகாமல் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது இரண்டு வாரத்துக்கு மேல் தடுமாறினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அதைப் பாடத்தின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. அல்லது ஹைகிரவுண்டு மனநலப் பிரிவுக்கு நேரே கூட்டிப் போங்கள்.